மீதியாயிருந்த இருபத்தாறு



இந்த வாரம் ஒரு பறவையைக் குறித்து உங்களுக்கு எழுதுகிறேன். இந்துமாக்கடலின் மேற்குப் பகுதியில், பூமத்தியரேகைக்குச் சற்றுத் தெற்கே, செஷல்ஸ் என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கேயன்றி உலகில் வேறெங்கும் வாழாத ஒரு சிறு பறவைக்கு செஷல்ஸ் கதிர்க்குருவி என்று பெயர். நம் வயல்வெளிகளில் நாணலுக்குள்ளிருந்து குரல் கொடுக்கும் நாணல் கதிர்க்குருவிக்கு இது உறவு. நீளம் பதின்மூன்று சென்டிமீட்டர் அளவு. எடை பதினைந்து கிராம் அளவு. பச்சை கலந்த மங்கிய பழுப்பு நிறம். கொண்டை இல்லை, வண்ணத் தோகை இல்லை. குரல் மட்டும் மனிதன் சீட்டியடிப்பதுபோல் இனிமையாக இருக்கும். கண்டவுடன் ஆச்சரியப்பட்டு நிற்கும்படியான எதுவும் அதன் தோற்றத்தில் இல்லை.

நம்முடைய ஆண்டவர் அடைக்கலான் குருவிகளின் விலையைப் பேசியபோது, மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு என்றும், லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து என்றும் காண்கிறோம். கணக்குப் பார்த்தால் ஐந்தாவது குருவி கொசுறு. காய்கறிக் கடையில் கடைசியாகப் பையில் போட்டுத் தரும் கறிவேப்பிலையைப்போல. அந்த ஐந்தாவதும் தேவனுக்கு முன்பாக மறக்கப்படவில்லை என்பதே அங்கே சொல்லப்படுகிறது. செஷல்ஸ் கதிர்க்குருவியும் அப்படிக் கொசுறாய்ப் போகவேண்டிய பறவைதான். 1968ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் இப்பறவைகள் ஏறக்குறைய இருபத்தாறு மட்டுமே எஞ்சியிருந்தன. இருபத்தாறும் ஒரே தீவில். கூசான் என்னும் அந்தத் தீவின் பரப்பு முப்பது எக்டேர்கூட இல்லை. நம் ஊர்க் கணக்கில் எழுபது ஏக்கர் சொச்சம்.

எப்படி இந்த நிலை வந்தது? யாரும் இந்தக் குருவியை வெறுத்து வேட்டையாடவில்லை. அறிவியல் உலகுக்கு இதை 1877இல் அறிமுகப்படுத்தியபோது மரியான் என்னும் வேறொரு தீவிலும் இது வாழ்ந்தது. பின்பு தீவுதீவாகக் காட்டை அழித்துத் தென்னை வைத்தார்கள். கொப்பரைக்கு நல்ல விலை இருந்த காலம் அது. கப்பல்களோடு எலியும் பூனையும் கரையேறின. தென்னையில் தவறேதும் இல்லை. தென்னையை நம்பி வாழும் குடும்பங்கள் நம் சபையிலேயே உண்டு. ஆனால் இந்தக் குருவி ஏறக்குறைய முழுவதும் இலைகளின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறு பூச்சிகளைத் தின்று வாழ்வது. அகன்ற இலையுள்ள மரங்கள் இல்லாத இடத்தில் அதற்கு உணவு இல்லை. எலியும் பூனையும் குடியேறாத கூசான் தீவில், தென்னைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மிஞ்சிக்கிடந்த புதர்க்காட்டில் அந்த இருபத்தாறும் ஒடுங்கியிருந்தன.

அழிவு பெரும்பாலும் இவ்விதமே வருகிறது. பகையினால் வரும் அழிவைவிட, ஒருவனுடைய நியாயமான விருப்பம் மற்றவனுக்கு ஓரிடமும் மீதி வைக்காததினால் வரும் அழிவே அதிகம். வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்து, தாங்கள் மாத்திரமே தேசத்தில் குடியிருக்கும்வரை ஓயாதவர்களுக்கு ஏசாயா தீர்க்கதரிசி ஐயோ என்று சொன்னது இதனால்தான்.

1968இல், பறவைகளின் பாதுகாப்புக்காக இயங்கிய ஒரு பன்னாட்டு மன்றம் கூசான் தீவை விலைக்கு வாங்கியது. அந்த மன்றமே இன்று பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் என்று அழைக்கப்படுகிறது. நான் இந்த வரலாற்றில் மிகவும் நேசிப்பது அதற்குப்பின் அவர்கள் செய்ததைத்தான். பறவைகளைப் பிடித்துக் கூண்டில் அடைத்துப் பெருக்கவில்லை. கையில் எடுத்துத் தீனி ஊட்டவில்லை. தென்னங்கன்றுகள் மீண்டும் தலையெடுக்காதபடி அவற்றை அகற்றி, அந்த மண்ணுக்குரிய மரங்கள் தாமாய் எழும்பிவர இடம் கொடுத்தார்கள். பெரும்பாலும் அவ்வளவுதான். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில், ஏழாம் வருஷத்தில் நிலம் கர்த்தருக்கென்று ஓய்ந்திருக்கவேண்டும் என்றும், அந்த வருஷத்தில் தானாய் விளைவது வேலைக்காரனுக்கும் அந்நியனுக்கும் நாட்டு மிருகங்களுக்கும் ஆகாரமாகும் என்றும் கட்டளையிட்ட தேவனுடைய வழி இதுவே. நிலத்தை ஓயவிட்டால் அது சும்மாயிருக்காது. மனிதன் திட்டமிடாதவர்களுக்கும் பந்தி வைக்கும்.

அப்படி எழும்பிய மரங்களில் முக்கியமானது, நம் வீட்டுக் கொல்லைகளில் இலச்சைகெட்ட கீரை என்றும் நச்சுக்கொட்டைக் கீரை என்றும் வளர்க்கிறோமே, அந்த வெளிர்பச்சை இலை மரத்தின் நெருங்கிய உறவு. வாயுப்பிடிப்புக்கு நல்லது என்று நம் பாட்டிமார் பருப்போடு கடைந்து கொடுப்பார்கள். அதன் அகன்ற இலைகளின் அடியில்தான் அந்தக் குருவியின் முழு வாழ்க்கையும் நடக்கிறது. அந்த மரத்திலும் ஒரு கொடுமை உண்டு. அதன் விதைகள் பசையாய் ஒட்டிக்கொள்ளும். தீவில் கூடுகட்டும் கடற்பறவைகள் சிலவற்றின் சிறகுகளில் அவை கொத்தாய் ஒட்டி, பறக்கமுடியாமல் செய்து கொன்றுவிடுவதும் உண்டு. சிருஷ்டி இன்னும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று பவுல் எழுதியதை நினைத்துக்கொண்டு இதைக் கடந்து செல்கிறேன்.

காடு திரும்பியது, குருவிகளும் பெருகின. 1980களின் தொடக்கத்தில் கூசான் தீவில் அவை முந்நூறைத் தாண்டிவிட்டன. அதற்குமேல் எண்ணிக்கை ஏறவில்லை, ஏனெனில் தீவு நிறைந்துவிட்டது. ஒவ்வொரு இணையும் தனக்கென ஓர் எல்லையைப் பிடித்துக்கொண்டு ஆண்டு முழுவதும் காக்கிறது. புதிதாய் வளர்ந்த பறவைக்கு எல்லை இல்லை. எல்லை இல்லாவிட்டால் கூடு இல்லை. அப்போது அந்த இளம்பறவைகள் ஒரு காரியம் செய்தன. தங்கள் பெற்றோரின் எல்லையிலேயே தங்கி, அவர்களுடைய அடுத்த குஞ்சை வளர்க்க உதவின. கூடு கட்டவும், எல்லையைக் காக்கவும், குஞ்சுக்குப் பூச்சி கொண்டுவரவும் துணைநின்றன. பெண்பறவைகள் அடைகாக்கவும் செய்தன. பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும் பறவைக்கு இந்த உதவி சிறிய காரியம் அல்ல. உதவியாளர்களைப் பெற்ற தாய்ப்பறவைகள் முதுமையிலும் தளர்ச்சி குறைந்து வாழ்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இந்த உதவியாளர்களில் பெரும்பாலானவை மகள்கள். யான் கோம்டேர் என்னும் டச்சு அறிவியலாளர் 1980களிலிருந்து இப்பறவைகளை ஆராய்ந்துவருகிறவர். உணவு மிகுந்த எல்லையில் வாழும் தாய்கள் பெண்குஞ்சுகளையே அதிகமாகவும், உணவு குறைந்த எல்லையில் உள்ளவை ஆண்குஞ்சுகளை அதிகமாகவும் ஈன்றதை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்டார்கள். மகள் பிறந்தால் செலவு என்று முகம் வாடும் வீடுகளில் இந்தச் செய்தியைச் சொல்லிப் பாருங்கள். அந்தத் தீவில், செழிப்புள்ள வீட்டின் அடையாளம் மகள்.

இந்த இடத்தில் எந்தப் போதகனுக்கும் ஒரு சோதனை வரும். பிரசங்கம் தயாராகிவிட்டது! தன்னுடையதல்லாத கூட்டுக்கு இரை சுமக்கும் குருவியைப் பார், அதைப்போலத் தாழ்மையாய் ஊழியம் செய் என்று முடித்துவிடலாம். நானும் அதை எழுதக் காகிதம் எடுத்தவன்தான். ஆனால் இரண்டு காரியங்கள் என்னைத் தடுத்தன. முதலாவது, இந்தக் குருவிகளின் குடும்பவாழ்வு பிரசங்கத்துக்கு அவ்வளவு வசதியானதன்று. மரபணுச் சோதனையில், குஞ்சுகளில் ஏறக்குறைய நாற்பது சதவீதம், அந்த எல்லையைக் காக்கும் ஆண்பறவைக்குப் பிறந்தவை அல்ல என்று தெரிந்தது. எறும்பினிடத்தில் போய்க் கற்றுக்கொள் என்று நீதிமொழிகள் சொல்லும்போதும், சுறுசுறுப்பைக் கற்றுக்கொள்ளத்தான் சொல்கிறது. எறும்புப் புற்றின் சட்டதிட்டங்கள் அனைத்தையும் அல்ல.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ஒரே தீவில் எல்லாப் பறவைகளும் இருப்பது ஆபத்து என்பதால், 1988இல் இருபத்தொன்பது கதிர்க்குருவிகளைப் பிடித்து, ஆரீட் என்னும் இன்னொரு தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே வெற்றிடம் நிறைய இருந்தது. என்ன நடந்தது தெரியுமா? யாரும் உதவியாளராய் நிற்கவில்லை. இளம்பறவைகள் வளர்ந்தவுடன் தங்களுக்கென எல்லை பிடித்துக் கூடு கட்டின. நல்ல இடங்கள் நிரம்பிய பின்புதான் அங்கேயும் உதவியாளர்கள் தோன்றினார்கள். பழைய தீவாகிய கூசானில் நடந்தது இன்னும் வியப்பு. பிடித்துச் செல்லப்பட்ட பறவைகளின் எல்லைகள் காலியானபோது, சில மணி நேரத்துக்குள் அவை நிரப்பப்பட்டன. அதுவரை பெற்றோருக்கு உதவியாய் நின்ற பறவைகள் போய் அந்த இடங்களில் அமர்ந்தன.

ஆகவே அந்தக் குருவிகள் உதவியாளர்களாய் நின்றது அதுவே அவற்றின் சுபாவம் என்பதனால் மட்டுமல்ல. போக இடம் இல்லாததினால். இடம் திறந்த அன்றே, அவற்றுக்குள் அதுவரை காத்திருந்த ஒன்று வெளிப்பட்டது.

இதைப் படித்த நாள்முதல் நம்முடைய சபைகளை வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஒவ்வொரு சபையிலும் உதவியாளர்கள் இருக்கிறார்கள். நாற்காலி போடுகிறவர்கள், ஒலிபெருக்கியைச் சரிபார்க்கிறவர்கள், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாய் அழைத்துவருகிறவர்கள், பண்டிகைக்கு முந்தின இரவு தோரணம் கட்டுகிறவர்கள். ஆண்டு அறிக்கையில் அவர்களுக்கு நன்றி சொல்லி, அவர்களுடைய தாழ்மையைப் புகழ்கிறோம். முப்பது வயதிலும் அவர்கள் தம்பிகள். நாற்பது வயதிலும் அந்தச் சகோதரி "உதவி" ஆசிரியை. வாலிபர் ஐக்கியத்தின் தலைவருக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கிற சபைகளையும் நான் அறிவேன். அவர்களுடைய பொறுமை தேவனுக்கு முன்பாக விலையேறப்பெற்றதே. ஆயினும், நாம் தாழ்மை என்று புகழ்கிறதில் எவ்வளவு உண்மையில் தாழ்மை, எவ்வளவு நாம் இடம் விடாததின் விளைவு என்று கேட்கவேண்டும். உணவு குறைந்த எல்லையில் உதவியாளர்கள் அதிகமானால் அந்த உதவியே சுமையாகிவிடுகிறது என்பதையும் ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். ஒரே வேலைக்குப் பத்துப்பேர் இருக்கும் நம் சில குழுக்களில் ஏன் இத்தனை மனத்தாங்கல் என்பது எனக்கு இதிலிருந்து கொஞ்சம் விளங்கிற்று.

அப்போஸ்தலர் நடபடிகளில் பர்னபாவைப் பாருங்கள். அந்தியோகியாவில் ஊழியம் செழித்தபோது அவன் தர்சுவுக்குப் போய்ச் சவுலைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்துவந்தான். தொடக்கத்தில் பர்னபாவும் சவுலும் என்றிருந்த வரிசை, சில அதிகாரங்களுக்குள் பவுலும் பர்னபாவும் என்று மாறுகிறது. லூக்கா அதைக்குறித்து ஒரு விளக்கமும் எழுதவில்லை. பர்னபா முறையிட்டதாகவும் எழுதவில்லை.

இன்னொரு காரியத்தையும் சொல்லவேண்டும். இந்தக் குருவிக்கு இறக்கை நன்றாகவே இருக்கிறது. ஆனால் கடலைக் கடப்பதற்கு மிகவும் தயங்குகிறது. கூசானிலிருந்து பார்த்தால் கூசீன் என்னும் அடுத்த தீவு கண்ணுக்கெட்டிய தூரத்தில், இரண்டு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. காலியாய் இருந்தும் அங்கே அவை தாமாய்ப் போய்க் குடியேறவில்லை. மனிதர் கையில் எடுத்துச் சுமந்து கொண்டுபோகவேண்டியிருந்தது. கூசீனுக்கு 1990இல் இருபத்தொன்பது, டெனிஸ் தீவுக்கு 2004இல் ஐம்பத்தெட்டு, ஃப்ரெகேட் தீவுக்கு 2011இல் ஐம்பத்தொன்பது. ஆகவே இடம் காலியாயிருக்கிறது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, யாரும் முன்வரவில்லையே என்று குறைசொல்வது போதாது. சிலரைக் கைப்பிடித்து அழைத்துப்போகவேண்டும். தர்சுவுக்குப் போகிற வேலை அதுதான்.

இன்று ஐந்து தீவுகளிலுமாக இப்பறவைகள் மூவாயிரம் அளவுக்குப் பெருகியிருக்கின்றன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில், அச்சுறு நிலையை அண்மித்த இனம் என்று இப்போது வைக்கப்பட்டிருக்கிறது. ஆபத்து நீங்கிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. ஒரு படகிலிருந்து ஓர் எலிக்கூட்டம் இறங்கினால் போதும், ஒரு தீவின் கணக்கு மாறிவிடும். அதோடு, ஆண்டுகள் செல்லச்செல்ல அறிந்துகொண்ட ஒரு துக்கமும் உண்டு. அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்டிருக்கும் பழைய பறவைகளின் மரபணுக்களோடு ஒப்பிட்டபோது, இன்றைய பறவைகளிடம் முன்பிருந்த பலவகைமை பெருமளவு குறைந்துவிட்டது தெரிந்தது. எண்ணிக்கை திரும்பிற்று, இழந்த அந்தச் செல்வம் திரும்பவில்லை. இன்றுள்ள மூவாயிரமும் அந்த இருபத்தாறின் இரத்தத்திலிருந்து வந்தவையே. மீதியானவர்களைக்குறித்த வேதவாக்கியங்களை நாம் பெரும்பாலும் வெற்றிச் செய்தியாகவே வாசிக்கிறோம். சிறையிருப்பிலிருந்து திரும்பி ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட நாளில், முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் சத்தமிட்டு அழுததை எஸ்றா மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். ஆர்ப்பரிப்பின் சத்தத்தையும் அழுகையின் சத்தத்தையும் ஜனங்களால் பிரித்தறியக்கூடாதிருந்தது.

முதியவர்கள் என்று சொன்னதும் இந்தக் குருவியிடமே மீண்டும் வருகிறேன். தீவில் உதவியாளர்களாய் இருப்பவை இளம்பறவைகள் மட்டும் அல்ல. வயதான சில பெண்பறவைகளும் அப்படி நிற்கின்றன. அவை ஒரு காலத்தில் அந்த எல்லையின் தலைவியாய் இருந்தவை. பின்பு இளைய பெண்பறவை ஒன்று, பலமுறை சொந்த மகளே, அந்த இடத்தைப் பெற்றுக்கொள்கிறது. சில முதிய பறவைகள் விலகிப்போகாமல் அங்கேயே தங்கி, பேரக்குஞ்சுக்கு இரை கொண்டுவருகின்றன.

சபையில் ஒரு தாயார் ஒருமுறை என்னிடத்தில், "சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டேன் ஐயா, இனி நான் எதற்கு?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பவர்கள் சிலர். கேட்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் பலர். நான் அவர்களுக்கு ரூத்தின் புஸ்தகத்தின் கடைசி அதிகாரத்தை வாசித்துக்காட்டினேன். வெறுமையாய்த் திரும்பிவந்தேன் என்று அழுத நகோமி, அங்கே ரூத் பெற்ற பிள்ளையை எடுத்து மடியில் வைத்து வளர்க்கிற தாயாகிறாள். அயல்வீட்டுப் பெண்கள் நகோமிக்கு ஒரு பிள்ளை பிறந்தது என்றே சொல்லுகிறார்கள். அந்தப் பிள்ளை தாவீதின் பாட்டன். பெற்றவள் ரூத்தாயிருந்தும், அந்த அதிகாரத்தில் மடி நகோமியுடையதாயிருக்கிறது.

எனக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆகையால் எண்ணாகமம் 8ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை இப்போது அடிக்கடி வாசிக்கிறேன். லேவியன் இருபத்தைந்து வயதில் ஆசரிப்புக் கூடாரத்தின் ஊழியத்துக்குள் வரவேண்டும். ஐம்பது வயதில் அந்த வேலையை விட்டு ஓயவேண்டும். ஓய்ந்த பின்பும் தன் சகோதரரோடே கூடாரத்தின் காவலைக் காப்பதற்குத் துணையாயிருக்கலாம்; வேலை மட்டும் செய்யக்கூடாது. எபிரெயத்தில் இந்த வசனத்தைப் பார்த்தால் இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. வேலை செய்தல் என்பதற்கு ஆபாத். காத்தல் என்பதற்கு ஷாமர். ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் ஆதாமை ஏதேன் தோட்டத்தில் வைத்தபோது அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலையும் இதே இரண்டு சொற்களால்தான் சொல்லப்படுகிறது: நிலத்தைப் பண்படுத்துதல் ஆபாத், காத்தல் ஷாமர். ஐம்பது வயதில் லேவியனிடமிருந்து முதலாவது எடுத்துக்கொள்ளப்படுகிறது. இரண்டாவது அவனிடத்திலேயே விடப்படுகிறது. பாரத்தைச் சுமக்கும் தோள் மாறவேண்டும். காக்கும் கண்ணுக்கு வயதுவரம்பு இல்லை. கூடாரத்தின் பலகைகளைத் தூக்குவதற்கு இளையவன் தடுமாறும்போது, அதை வாங்கித் தானே தூக்காமல், எந்தப் பக்கம் பிடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அருகில் நிற்பது எவ்வளவு கடினமான ஊழியம் என்பதை நம்மில் முதிர்ந்தவர்கள் அறிவோம். பலகை கீழே விழுந்தாலும் விழட்டும் என்று சில நேரங்களில் பொறுத்திருக்கவேண்டியிருக்கிறது.

அடுத்த மாதம் சபைக் குழுக்களுக்கான பெயர்கள் கேட்கப்படும். வழக்கம்போல அதே பெயர்களே வந்து சேரும் என்பதை நான் அறிவேன். இந்த முறை பெயர் கொடுக்கிறவர்கள், ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பொறுப்பில் இருப்பவர்களானால், தங்கள் பெயரோடு கூட, தாங்கள் அருகில் நின்று துணைசெய்ய ஆயத்தமாயிருக்கும் ஓர் இளையவரின் பெயரையும் எழுதித்தரும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். அதற்குமுன் இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் எண்ணாகமம் 8ஆம் அதிகாரம் 23 முதல் 26 வரையிலான வசனங்களையும், ரூத் 4ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். வீட்டில் இலச்சைகெட்ட கீரை மரம் இருக்கிறவர்கள், வாசித்து முடித்தபின் பிள்ளைகளை அதனருகே அழைத்துப்போய், ஓர் இலையைத் திருப்பி அடிப்புறத்தைக் காட்டுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் போதகர்